பிப்ரவரி பதினைந்து

நேற்றோடு ஓவர்டைம் முடிந்தது.
பாகலூர் ரோட்டுப் பசுங்குடில்களில்
அவசரமாய்ப் பூக்கேட்கும் போன்
இனி அடுத்த வருடம்தான் அடிக்கும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில்
மூங்கில் வளையம் ஒன்று,
ஊசிப் பொட்டலம் ஒன்று,
ஆறு இழை நூல்கண்டு மூன்று.
"பாப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.
எனக்கு என்று சொல்ல
சில்லறை எண்ணி முடிக்கும் நேரம் பிடித்தது.

நைட் ஷிப்ட் முடித்த முனிரத்னா தூங்குகிறாள்.
போனின் சத்தத்தை அணைத்துவிட்டேன்.
திரையில் முகமில்லாத இரண்டு கைகள்
ஊசியை இறக்குகின்றன, ஏற்றுகின்றன.
அந்தக் கைகளில் நகம் இருக்கிறது, சாயம் இருக்கிறது.
என் கட்டைவிரலடியில்
தை மாதத்திலிருந்து
கறுத்த முள் ஒன்று குடியிருக்கிறது.

முதலில் காம்பு.
காம்புக்கென்றே ஒரு தையல்:
முன்னே ஓர் எட்டு,
பின்னே பாதி எட்டு வந்து
போன தையலின் தோளோரம் தலைநீட்ட வேண்டும்.
கயிறு முறுக்கிய மாதிரி வருமாம்.
எனக்குத் தளி ரோட்டு வளைவுகள் வந்தன.

காம்பு எனக்குத் தெரியாததா?
நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர்,
கோடு போட்ட மேசையில்
கண் பார்க்குமுன் கை பிரித்துவிடும்.
இருபது சேர்ந்தால் ஒரு கட்டு.
வளைந்தது லோக்கல் மார்க்கெட்டுக்கு.
இது மொத்தமே ஏழு சென்டிமீட்டர்,
இதில் வளைவுதான் அழகாம்.

இலைக்குச் சங்கிலி.
ஒரு கண்ணியின் வயிற்றிலிருந்து அடுத்த கண்ணி.
இழுத்தால் துணி சுருங்குகிறது,
விட்டால் கண்ணி வாய்பிளக்கிறது.
இரண்டுக்கும் நடுவே எவ்வளவு என்று
அந்தக் கைகள் காட்டவில்லை.
ஒருவேளை
வாயால் சொல்லியிருக்கலாம்.

மூன்று முறை பிரித்தேன்.
பிரித்த இடமெல்லாம் ஊசித்துளைகள்,
துணி எதையும் மறக்கிற மாதிரி இல்லை.

அப்புறம் பூ.
ஐந்து ஆரம் நட்டு
நடுவிலிருந்து ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே.
ஊசியைக் காதுப்பக்கமாய் நுழைத்தால்
இழை கிழியாது என்பதை
யாரும் காட்டாமல் நானே கண்டுபிடித்தேன்.
அந்தக் கணம் எழுந்து நின்று
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மொட்டிலேயே நிறுத்தியிருக்கலாம்.
புற இதழ் இரண்டு மட்டும் தளர்ந்து
உள்ளே பிடி விடாத பதத்தில்
கத்தரி வைக்க வேண்டும்.
ஒரு காலை தாமதித்தாலும் விரிந்த பூ,
ரிஜெக்ட்,
நீலக் கூடை.
பதினோரு வருடத்தில்
முழுசாய் விரிந்த ஒன்றை
நின்று பார்த்ததில்லை.
பார்ப்பதற்குச் சம்பளம் இல்லை.

சுற்றினேன்.
ஏழாவது சுற்றில் சிவப்பு தீர்ந்தது.
கடை மூடியிருக்கும்.
மஞ்சளைக் கோத்து மேலும் சுற்றினேன்.
இப்படியொரு ரகம் எங்கள் பண்ணையில் இல்லை.
சூப்பர்வைசர் ருத்ரப்பா பார்த்தால்
நோய் என்று மருந்தடிக்கச் சொல்வார்.

முனிரத்னா எழுந்தாள்.
வளையத்தை வாங்கியவள்
முன்பக்கம் பார்க்கவே இல்லை.
வண்டிக்கு வயர் கட்டும் கம்பெனியில்
தப்பு தேடுவது அவள் வேலை.
திருப்பிப் பிடித்து, இலையிலிருந்து பூவுக்குத்
தாண்டியிருந்த நீள இழையில் விரல் வைத்தாள்:
"இதை ஏன் இப்படி இழுத்துட்டுப் போன?
ஷார்ட் ஆகும்."

கடைசியாய்ப் பூவோரம் மூன்று முடிச்சு
போடச் சொன்னது திரை.
மூன்று முடிச்சா என்று
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக் கதவு தட்டப்பட்டது.
ஊசியில் இருமுறை சுற்றி இறக்கினேன்.
இரண்டு நின்றன.
ஒன்று துணிக்குள் நழுவிப் போனது.

"ஊசி கையில இருக்கறப்பவே
அந்த முள்ளையும் எடுத்துடலாம், காட்டு" என்றாள்.
போன் வெளிச்சத்தில் கிளறினாள்.
தோல் திறந்தது, முள் வரவில்லை.
"ஆழம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக்
குளிக்கப் போனாள்.

பச்சையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.
காம்பின் இடப்பக்கம்
சாய்வாய்ச் சின்னதாய் ஒன்று போட்டேன்.
உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.
தொட்டால் குத்தாது.